அக்கா மகன் கட்டுற விமானம்

எங்க வீட்டு டிராக்டர் பழைய மாசி. பானெட்டைத் தூக்கினா என்ஜின்ல சிம்சன்னு பேர் இருக்கும். மதுராந்தகம் பக்கத்துல மாசி வச்சிருக்கிற அத்தனை பேருக்கும் இந்தப் பேர் பழக்கம். பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு சிம்சன்னா பஸ் ஸ்டாப்பு, பெரியார் சிலை. மவுண்ட் ரோட்டுல அந்தக் கம்பெனி ஆரம்பிச்சது 1840-ல. அப்போ டிராக்டர் ஏது, கார் ஏது. குதிரை வண்டி கட்டுற பட்டறையாத்தான் இருந்திருக்கு.

அந்தப் பட்டறையில 1910-ல ஒரு விமானம் கட்டினாங்க. சும்மா பார்வைக்கு வைக்கிற பொம்மை இல்லைங்க, பல்லாவரத்துல பறந்த விமானம். முப்பது வருஷமா சிம்சன் என்ஜினை ஓட்டுறவன் நான், எனக்கே தெரியாது. சொன்னவன் என் அக்கா மகன். அவன் ஏன் என்கிட்ட இதைச் சொல்ல வேண்டி வந்துச்சுங்கிறதைத்தான் எழுதப் போறேன்.

அக்கா அடையாறுல இருக்கு. மாமா தவறி ஆறு வருஷம் ஆச்சு. அவர் கட்டின பழைய தனி வீடு, முன்னாடி கார் நிறுத்த போர்ட்டிகோ. ஒரே பையன், முப்பத்தொரு வயசு, கம்ப்யூட்டர் வேலை. தை மாசம் சம்பா அறுப்பு முடிஞ்ச சமயம் அக்கா போன் பண்ணுச்சு.

"தம்பி, இவன் காரை வித்துட்டு போர்ட்டிகோவுல ஏரோப்ளேன் கட்டிக்கிட்டு இருக்கான்டா. பொண்ணு பார்க்கலாம்னா இது முடியட்டும்ங்கிறான். இப்ப என்ஜின் வாங்கணுமாம். கல்யாணத்துக்குன்னு உங்க மாமா பேங்க்ல போட்டு வச்ச பணத்தைக் கேக்கிறான். நீ வந்து நாலு வார்த்தை சொல்லு. தாய்மாமன் சொன்னா கேப்பான்."

சரின்னு கிளம்பிட்டேன். ஒரு சிப்பம் அரிசி, கொஞ்சம் மல்லாட்டை, முருங்கைக்காய். பஸ்ல ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க அந்த நாலு வார்த்தை என்னன்னுதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம்னு வரிசையா வந்துச்சு. கிண்டியில இறங்கி வேற பஸ் மாறினேன். இந்த மூணு ஊர்ப் பேரையும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

போர்ட்டிகோவுல போய் நின்னா, என்ன சொல்றதுன்னு தெரியலை. வால் பகுதி முடிஞ்சு கூரையில கயிறு கட்டித் தொங்குது. கீழ ரெண்டு முக்காலி மேல ஒரு றெக்கை, நாலரை மீட்டர் நீளம். அலுமினியக் குழாய், குறுக்கே வளைஞ்ச சட்டங்கள். நம்ம ஊர் ஆசாரி பாரவண்டிக்குச் சட்டம் போட்டு வச்சிருந்த மாதிரிதான் பார்க்க இருந்துச்சு. ஒரே வித்தியாசம், வண்டிச் சட்டத்தை ரெண்டு ஆள் தூக்கணும், இதை நான் ஒரு கையில தூக்கிட்டேன்.

"மாமா, மெதுவா. அந்த ஓரம் நசுங்கிடும்."

இதைக் 'கிட்'டுன்னு சொல்றாங்க. குழாய், தகடு, ரிவெட்டு, துணி, வரைபடம் எல்லாம் ஒரு மரப்பெட்டியில அடைச்சுக் கப்பல்ல வருது. நாமதான் அளந்து, துளை போட்டு, பூட்டணும். அமெரிக்காவுல இப்படி வீட்டுல கட்டுற விமானத்துக்கு ஒரு விதி இருக்கு. பாதிக்கு மேல வேலையைக் கட்டுறவரே செஞ்சிருக்கணும், அதுவும் படிச்சுக்கவோ பொழுதுபோக்குக்கோ செஞ்சிருக்கணும். இன்னும் சின்னதா ஒரு ஆள் மட்டும் போற ரகமும் அங்க உண்டு. அதோட வெறும் எடை 254 பவுண்டு, அதாவது சுமார் 115 கிலோவைத் தாண்டக் கூடாது. மூணு சிப்பம் நெல்லுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

சட்டத்து மேல பாலியஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால சூடு காட்டுறாங்க. சூடு பட்டதும் துணி சுருங்கி உறுமி மேளம் மாதிரி விறைச்சுக்குது. அக்கா வீட்டு இஸ்திரிப் பெட்டி எங்க போச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஒவ்வொரு போல்ட்டுலயும் நட்டு கழண்டு போகாம ஸ்ப்ளிட் பின். கலப்பையிலயும் டிரெய்லர்லயும் நாமும் போடுறதுதான். ஆனா அவன் எந்தப் போல்ட்டை எந்தத் தேதியில எவ்வளவு முறுக்குல இறுக்கினான்னு ஒரு நோட்டுல எழுதி, போட்டோவும் எடுத்து வச்சிருக்கான். கழனிக்கு உரம் போட்ட கணக்கையே நான் அவ்வளவு சுத்தமா எழுதினது கிடையாது.

ராத்திரி சாப்பிட்டு மாடியில உட்கார்ந்தோம். தலைக்கு மேல மீனம்பாக்கத்துல இறங்குற விமானங்கள் ஒண்ணு பின்னால ஒண்ணா விளக்கு போட்டுக்கிட்டுப் போகுது. நான் வந்த காரியத்தை ஆரம்பிச்சேன்.

"மாப்ள, இதெல்லாம் பெரிய கம்பெனிங்க செய்யுற வேலைடா. போர்ட்டிகோவுல கட்டினது பறக்குமா?"

அதுக்குத்தான் அவன் சிம்சன் கதையைச் சொன்னான்.

ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ்னு ஒருத்தர். கார்சிகா தீவுக்காரர். மெட்ராஸ்ல கேக்கு, மிட்டாய் வியாபாரம், விருந்துச் சமையல்னு இருந்து, மவுண்ட் ரோட்டுல தன் பேர்ல ஹோட்டல் நடத்தினவர். அந்த ஹோட்டல்தான் பிறகு பொசோட்டோன்னு பேர் மாறினது. 1909 ஜூலை 25-ஆம் தேதி பிரான்ஸ்ல பிளேரியோங்கிறவர் ஒத்தை ஆளா இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து தாண்டினார், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அது உலகம் பூரா சேதி ஆச்சு. நம்ம ஹோட்டல்காரருக்கும் ஆசை வந்துருச்சு. தானே ஒரு விமானத்தை வரைஞ்சு, சிம்சன் பட்டறையில கொடுத்துக் கட்டச் சொன்னார். சின்ன என்ஜின் ஒண்ணு வச்சாங்க. பிளேரியோ கால்வாயைத் தாண்டி எட்டே மாசத்துல, 1910 மார்ச்சுல, அது பல்லாவரத்துல பறந்துச்சு. அப்புறம் தீவுத்திடல்ல டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டியிருக்கார்.

அலகாபாத்துல இருந்து ஆத்தைத் தாண்டி நைனிக்குத் தபால் மூட்டையோட விமானம் பறந்ததைத்தான் பள்ளிக்கூடப் புத்தகத்துல பெரிசாச் சொல்வாங்க. அது 1911 பிப்ரவரி. நம்ம பல்லாவரம் அதுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முந்தினது.

எனக்கு அந்த ஹோட்டல்காரரை விட அந்தப் பட்டறை ஆளுங்க மேலதான் நினைப்பு போச்சு. பேர் தெரியாத தச்சர்கள், கொல்லர்கள், தோல் வேலைக்காரர்கள். முந்தின நாள் வரைக்கும் துரைமாருக்கு சாரட்டு வண்டி செஞ்ச கை. அதே பட்டறையிலதான் 1903-ல சாமுவேல் ஜான் கிரீன்கிறவர் நீராவியில ஓடுற காரு ஒண்ணு கட்டி மெட்ராஸ் தெருவுல ஓட்டினார். மரத்தை எங்க இழைக்கலாம், எங்க இழைச்சா பலம் போயிடும்னு அவங்களுக்குத் தெரியும். வண்டிக்கு எடை கூடினா மாடு இளைக்கும். விமானத்துக்கு எடை கூடினா அது கிளம்பவே கிளம்பாது. சூத்திரம் ஒண்ணுதான்.

"பார்த்தீங்களா மாமா, அவர் மிட்டாய்க் கடைக்காரர்"ன்னான். "ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரங்க. 1903 டிசம்பர் 17-ல முதல் தடவை 12 செகண்டு, 120 அடி தூரம்தான் பறந்தாங்க."

நான் உடனே கேட்டேன். "அவருக்கு சிம்சன் இருந்துச்சு. உனக்கு யாருடா இருக்கா?"

அவன் பதில் சொல்லலை. மறுநாள் காலையில டீ குடிக்கும்போது, அவன் சேர்த்து வச்சிருந்த மத்தவங்க கதையை எல்லாம் சொன்னான். எனக்கு எல்லாத்துலயும் அந்த ஒரே கேள்விக்கான பதில்தான் கண்ணுல பட்டுச்சு.

கேரளாவுல தொடுபுழா பக்கம் சஜி தாமஸ். காது கேக்காது, பேச்சும் வராது. ஏழாவதுக்கு மேல படிக்கலை. சின்ன வயசுல ரப்பர் தோட்டத்துக்கு ஹெலிகாப்டர்ல மருந்து அடிக்க வந்திருக்காங்க. அந்த விமானிங்களோட சிநேகம் பிடிச்சுக்கிட்டார். அதுல ஆரம்பிச்ச ஆசையில வருஷக்கணக்கா உழைச்சுத் தானே ஒரு இலகு விமானம் கட்டினார். அது 2014-ல பறந்தது எங்கங்கிறீங்க? நம்ம திருநெல்வேலி மாவட்டம், அம்பாசமுத்திரம் பக்கம். ஓட்டிப் பார்த்தவர் எஸ்.கே.ஜே. நாயர்னு ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி. பிரித்விராஜ் நடிச்ச 'விமானம்' மலையாளப் படம் இவர் கதையை வச்சு வந்ததுதான். கட்டினது அவரு. ஆனா அனுபவம் உள்ள ஒருத்தர் வந்து, பார்த்து, நான் ஏறுறேன்னு சொன்னார் பாருங்க, அது சின்ன விஷயம் இல்லை.

மும்பையில அமோல் யாதவ். இவர் தொழில்லயே விமானி. காந்திவலி பக்கத்துல தன் அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியில ஆறு பேர் உட்காருற விமானத்தைக் கட்டினார். 2016-ல மும்பையில நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்கு வைக்க, பிரிச்சு கிரேன் வச்சு இறக்க வேண்டியதாப் போச்சு. மாடியில கட்டினதை விடக் காகிதத்துல கட்டினதுதான் கஷ்டம். அனுமதிக்காக வருஷக்கணக்கா நடந்து, 2017 நவம்பர்ல பதிவு எண் வாங்கினார். அவர் பின்னாடி மொத்தக் குடும்பமும் நின்னுச்சு.

ஆலப்புழாக்காரர் அசோக் தாமராக்ஷன், இங்கிலாந்துல இருக்கிறவர். கொரோனா ஊரடங்குல தென்னாப்பிரிக்காவுல இருந்து ஸ்லிங்னு ஒரு கிட்டை வரவழைச்சு, வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையிலேயே நாலு பேர் போற விமானம் கட்டி, பொண்டாட்டி பிள்ளைங்களோட பறந்தார். அங்க கட்டும்போதே அப்பப்ப வந்து பார்த்துச் சரின்னு கையெழுத்துப் போட ஆள் இருக்காங்க. பொண்ணு பேரையே விமானத்துக்கு வச்சிருக்கார்.

அப்புறம் நம்ம அப்துல் கலாம். பல்லாவரத்துக்கு அடுத்த ஊரு குரோம்பேட்டை. அங்க சி. ராஜம்கிறவர் தன் சொத்தைக் கொடுத்து 1949-ல எம்.ஐ.டி.யை ஆரம்பிச்சார். அங்க நிறுத்தி வச்சிருந்த ரெண்டு பழைய விமானத்தைப் பார்த்துத்தான் கலாமுக்கு மனசு அதுல போச்சாம். சேர்றதுக்குச் சுமார் ஆயிரம் ரூபா வேணும், வீட்டுல இல்லை. அவரோட அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சுப் பணம் கொடுத்தாங்க. இதை அவரே தன் புத்தகத்துல எழுதியிருக்கார்.

கலாம் கதையை அவன் சொல்லும்போது எங்க அக்கா அடுப்படி வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணும் சொல்லலை. டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு.

ஒத்தை ஆளா விமானம் கட்டினவன்னு பேப்பர்ல போடுவாங்க. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ஒத்தை ஆள் யாருமே இல்லை. ஒரு பட்டறை, ஒரு பழைய விமானி, ஒரு குடும்பம், ஒரு அக்கா வளையல். அதுல ஏதோ ஒண்ணு இல்லாம யாரும் தரையை விட்டுக் கிளம்பலை. இவனுக்கு இருக்கிறது ஒரு அம்மாவும் ஒரு மாமனும். ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டா போர்ட்டிகோவுல கிடந்து கடல் உப்புக்காத்துல அரிச்சுப் போக வேண்டியதுதான். சரின்னு சொல்லி நாளைக்கு ஏதாவது ஆயிட்டா, அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?

இந்தப் பயம் லேசான பயம் இல்லை. வரப்புல டிராக்டர் சாய்ஞ்சு செத்தவங்களை நான் தூக்கியிருக்கேன். டிராக்டர் நின்னா இறங்கிப் பார்க்கலாம். மேல என்ஜின் நின்னா? கேட்டேன்.

"உடனே கல்லு மாதிரி விழாது மாமா. மூக்கைக் கொஞ்சம் கீழ வச்சா சறுக்கிக்கிட்டே வரும். ஆயிரம் அடி உயரத்துல இருந்தா சுமார் ஒண்ணரை, ரெண்டு கிலோமீட்டர் வரைக்கும் போகலாம். அதுக்குள்ள ஒரு சமதரை பார்த்து இறக்கணும். அறுப்பு முடிஞ்ச கழனி இருந்தா நல்லது." அதனாலதான் இந்த என்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு பிளக்கு, தனித்தனி இக்னிஷன். ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓட்டும்.

அப்பத்தான் மெதுவா எடுத்தான். "மாமா, உங்க மேட்டுக்கொல்லை நீளமா, மரமில்லாம இருக்கே. முடிஞ்சதும் அங்க ஓட்டிப் பார்க்கலாமா?"

பெட்டியில இருந்த பணம் அக்காவுக்கு, கொல்லை எனக்கு. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு சாவி கொடுத்து வச்சிருக்கான் பாருங்க.

நான் யோசிச்சு மூணு விஷயம் சொன்னேன். ஒண்ணு, நம்ம நாட்டுல பதிவு எண்ணும் டி.ஜி.சி.ஏ. அனுமதியும் இல்லாம எதுவும் பறக்கக் கூடாது. இங்க மீனம்பாக்கம், அந்தாண்ட தாம்பரம் விமானப்படைத் தளம். விளையாட்டுக்குக் கூட அனுமதி இல்லாம சக்கரம் தரையை விட்டு எழும்பாது. அது வர்ற வரைக்கும் என் கொல்லையில மல்லாட்டைதான். என்ஜினை ஓட்டிப் பார்க்கணும்னா வா, புளியமரத்துல கயிறு போட்டுக் கட்டிட்டு ஓட்டு. ரெண்டு, கட்டத் தெரிஞ்சவனுக்கு ஓட்டத் தெரியும்னு அர்த்தம் இல்லை. முறையான இடத்துல சேர்ந்து லைசென்ஸ் எடு. மூணு, உன் வேலையை நீயே பார்த்துச் சரின்னு சொல்லாதே. உனக்குச் சொந்தக்காரனா இல்லாத, உன்கிட்ட காசு வாங்காத, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் பார்க்கணும்.

மூணுக்கும் சரின்னான். முகத்துல கொஞ்சம் வாட்டம் இருந்துச்சு. ஆனா மூணாவதுக்கு அவனே வழி கண்டுபிடிச்சான். விமானப் பராமரிப்புல இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை அழைச்சுக்கிட்டு வந்தான். அவர் நோட்டைப் பக்கம் பக்கமாப் பார்த்து, பதினோரு ரிவெட்டைப் பிடுங்கச் சொன்னார். அப்புறம் "றெக்கையை எடை ஏத்திச் சோதிச்சியா?"ன்னு கேட்டார். அதுக்குப் போர்ட்டிகோ பத்தாது. எங்க களம் இருக்கேன்னு சொன்னேன்.

பங்குனி முதல் வாரம், நம்ம டிராக்டர் டிரெய்லர்ல வைக்கோல் பரப்பி, அச்சிறுபாக்கம் வரை லாரியில வந்த றெக்கையை ஊருக்குக் கொண்டு வந்தோம். களத்துல இரும்புச் சட்டம் நட்டு, அதுல றெக்கையைத் தலைகீழாப் பூட்டினான். ஏன் தலைகீழ்னு ஊரே கேட்டுச்சு. பறக்கும்போது காத்து றெக்கையை மேல தூக்கும். அந்த பலத்தை நாம எடையா வைக்கிறதால, கவுத்துப் போட்டுத்தான் வைக்கணும்.

கணக்கு இதுதான். ஆளோட, பெட்ரோலோட மொத்த எடை 240 கிலோ. திரும்பும்போதும் காத்து உலுக்கும்போதும் அதைப் போல பல மடங்கு பாரம் றெக்கை மேல வரலாம்னு நாலு மடங்குக்குச் சோதிக்கிறாங்க. 960 கிலோ. ஒரு பக்கத்துக்குப் பாதி, 480. யூரியா சாக்கை வெட்டித் தைச்சு, பத்துப் பத்து கிலோவா 48 மணல் மூட்டை. உடம்பு ஓரம் நிறைய, நுனிக்குப் போகப் போகக் குறைவா வைக்கணும்.

அக்காவும் வந்திருந்துச்சு. வேப்பமரத்தடியில கட்டில் போட்டு உட்கார்ந்திருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பையனுங்க மூட்டை தூக்க, அந்தப் பெரியவர் இடம் காட்ட, முப்பதாவது மூட்டையில நுனி ஒரு சாண் இறங்கிச்சு. யாரும் பேசலை. நாப்பதுல ஒரு 'டிக்' சத்தம். என் மாப்ள முகம் வெளுத்துப் போச்சு. பெரியவர் குனிஞ்சு பார்த்து, சாக்குத் தையல் விட்டதுன்னு காட்டினார். மணல் கொட்டிக்கிட்டு இருந்துச்சு. அக்காதான் எழுந்து வந்து வேற சாக்கு கொடுத்து, "நாப்பதுதான் ஆச்சு, இன்னும் எட்டு இருக்கு"ன்னுச்சு. அது வரைக்கும் உட்கார்ந்த இடத்துலயே எண்ணிக்கிட்டு இருந்திருக்கு.

நாப்பத்தெட்டும் ஏறுச்சு. கொஞ்ச நேரம் அப்படியே விட்டாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா இறக்க இறக்க, நுனி பழைய இடத்துக்கே வந்துச்சு. அளவுகோல் வச்சுப் பார்த்து, பெரியவர் நோட்டுல கையெழுத்துப் போட்டார்.

சாயந்தரம் இட்லி வேகும்போது அக்கா கேட்டுச்சு, "அந்த ரெண்டு பிளக்கு என்ஜின் என்ன விலைடா?" அவன் சொன்னான். அக்கா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுட்டு, "பாதிதான் தருவேன். மீதி நீ சம்பாதிச்சு வாங்கு. லைசென்ஸ் முதல்ல"ன்னுச்சு.

நாலு வார்த்தை சொல்லப் போனவன் நான். என்னை விட அக்கா நல்லாவே சொல்லிடுச்சு.

இப்ப அந்த றெக்கை எங்க மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்துக் கொட்டகையில, எலி ஏறாம உயரத்துல தொங்குது. இன்னொரு றெக்கை அடையாறுல வளர்ந்துக்கிட்டு இருக்கு. அவன் பறக்கக் கத்துக்க இடம் விசாரிச்சுக்கிட்டு இருக்கான். காகித வேலை எத்தனை வருஷம் இழுக்குமோ தெரியலை, அவன் அசரலை. மேட்டுக்கொல்லையில மல்லாட்டை பூ விட்டிருக்கு. இந்த வாரம் ஒரு மழை பெஞ்சா காய் நல்லாப் பிடிக்கும்.